இரவில் இயங்க மறுத்த மோட்டார் சைக்கிள்

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதத்து மழை இரவு ஒன்றில், மணி இரண்டைக் கடந்திருந்த வேளையில், பங்கு இல்லத்தின் கதவை யாரோ படபடவெனத் தட்டினர். திறந்து பார்த்தபோது, தெருக்கோடியில் வசிக்கும் இளந்தந்தை ஒருவர் நனைந்த உடையோடு நின்றுகொண்டிருந்தார். "சாமி, குழந்தைக்கு மூச்சு வாங்குது. 108-க்குச் சொல்லிட்டோம். வண்டி வேற ஊருக்குப் போயிருக்காம், வர நேரமாகுமாம். உங்க மோட்டார் சைக்கிளைக் கொஞ்சம் கொடுங்க சாமி" என்றார். அவருக்குப் பின்னால், குழந்தையைப் புடவைத் தலைப்பால் போர்த்தியபடி அதன் தாய் நின்றிருந்தார்.

உடனே சாவியைக் கொடுத்தேன். அவர் அதைத் திருகிப் பொத்தானை அழுத்தினார். 'டக்' என்று ஓர் ஒலி மட்டும் எழுந்தது. மீண்டும் அழுத்தினார், மீண்டும் அதே 'டக்'. முகப்பில் எரிந்த சிறு விளக்குகளும் மங்கி அணைந்தன. அது காலால் உதைத்துக் கிளப்பும் கிக்கர் இல்லாத புதுவகை வண்டி. அத்தாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்த பார்வையை இன்றும் நான் மறக்கவில்லை.

அண்டை வீட்டு இளைஞர்கள் இருவர் எழுந்து வந்தனர். சரிவான தெருவில் வண்டியை ஓடவிட்டுத் தள்ளினோம். மூன்றாம் முயற்சியில் எஞ்சின் உயிர் பெற்றது. குழந்தை உரிய நேரத்தில் மருத்துவமனையை அடைந்து நலம் பெற்றது. ஆயினும் வீணாய்ப் போன அந்தப் பத்து நிமிடங்களுக்குக் காரணம் யார்? சந்தேகமின்றி நானேதான். மூன்று வாரங்கள் அவ்வண்டியைத் தொடாமல் நிறுத்தி வைத்திருந்தேன். அதற்கு முன்னரே, காலை நேரங்களில் அது சோம்பலாகச் சுழன்று கிளம்புவதைக் கண்டும் காணாதிருந்தேன்.

இன்று நம் குடும்பங்கள் பலவற்றுக்கு மோட்டார் சைக்கிளே முதன்மையான ஊர்தி. பணிக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் அதையே நம்பியிருக்கிறோம். அதன் இருக்கைக்கு அடியிலோ பக்கவாட்டிலோ மறைந்திருக்கும் பாட்டரியைப் பற்றிச் சிறிதேனும் அறிந்திருப்பது வீட்டார் அனைவருக்கும் பயன்தரும் என்று கருதியே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பெட்டிக்குள் நிகழ்வது என்ன?

ஈயத் தகடுகளையும் அமிலத்தையும் கொண்டு மின்னாற்றலைச் சேமித்து, மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் முறையை 1859-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் காஸ்டன் பிளான்டே கண்டறிந்தார். 1881-இல் கமில் ஃபோர் என்பவர் தகடுகளின் மேல் ஈயச் சேர்மத்தைப் பசையாகப் பூசி அதனை மேம்படுத்தினார். இன்று நம் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பதும் அவ்வழி வந்ததே.

12 வோல்ட் பாட்டரி ஒன்றினுள் ஆறு அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 2 வோல்ட் தருகிறது. ஈயமும் ஈய டையாக்சைடும் தகடுகளாக அமைய, அவற்றைச் சூழ்ந்து நீர்த்த கந்தக அமிலம் இருக்கும். மின்சாரம் வெளியேறும்போது இருவகைத் தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது. அமிலம் வலிமை குன்றி நீர்த்துப் போகிறது. எஞ்சின் ஓடும்போது அதனோடு சேர்ந்து சுழலும் மின்னாக்கி பாட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பி ஊட்டுகிறது. அப்போது சல்பேட் கரைந்து, தகடுகள் பழைய நிலையை அடைகின்றன.

இழந்த மின்சாரத்தைத் திரும்பப் பெறாமல் பாட்டரி பல நாள் கிடந்தால், மென்மையாகப் படிந்த சல்பேட் கெட்டியான படிகங்களாக வளர்ந்துவிடுகிறது. பின்பு எவ்வளவு மின்சாரம் ஊட்டினாலும் அது கரைவதில்லை. பாட்டரிகள் காலத்திற்கு முன்பே மடிவதற்குப் பெரும் காரணம் இதுவேயாகும்.

வலிமை குன்றுவது ஏன்?

முதற் காரணம், வண்டியை ஓட்டாமல் நிறுத்தி வைப்பதாகும். 2020-ஆம் ஆண்டு மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நிலவியபோது எத்தனையோ வீடுகளில் வண்டிகள் வாரக்கணக்கில் அசையாமல் நின்றன. மீண்டும் எடுக்கச் சென்றபோது பலவற்றின் பாட்டரி செத்திருந்தது. சும்மா இருக்கும் பாட்டரியும் தன்னுள்ளேயே ஆற்றலைச் சிறிது சிறிதாக இழக்கிறது. அதனோடு கடிகாரம், திருட்டு எச்சரிக்கைக் கருவி, இருப்பிடம் காட்டும் கருவி போன்றவை இரவு பகலாக மின்சாரத்தை உறிஞ்சுகின்றன. ஒரு கணக்குப் பார்ப்போம். சிறிய மோட்டார் சைக்கிளின் பாட்டரி 4 ஆம்பியர்-மணி கொள்ளளவு உடையது எனக் கொள்வோம். வெறும் 5 மில்லி ஆம்பியர் ஓயாமல் வெளியேறினால், ஏறத்தாழ 33 நாள்களில் அது முற்றிலும் வற்றிவிடும். வண்டியைக் கிளப்பும் வலிமையோ அதற்கு வெகு முன்பே போய்விடும்.

இரண்டாவது காரணம், மிகக் குறுகிய பயணங்களாகும். தெருமுனைக் கடைக்குச் சென்று திரும்புவதற்குள், கிளப்புவதற்குச் செலவான மின்சாரத்தைக்கூட மின்னாக்கியால் ஈடுசெய்ய இயலாது போகலாம். இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் வெளிவரும் இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் முகப்பு விளக்கும் எரிகிறது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

மூன்றாவது காரணம் மறதி. எஞ்சின் ஓடாதபோது விளக்கு எரியும் பழைய வண்டிகளில், 35 வாட் முகப்பு விளக்கு ஒன்று ஏறத்தாழ 3 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும். சொன்ன அந்தச் சிறு பாட்டரி ஒரு மணி நேரத்தை ஒட்டித் தீர்ந்துவிடும். சாவியைத் திருகிய நிலையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் செல்வதும் இத்தகையதே.

நான்காவது காரணம் வெப்பம். குளிர் நாடுகளில் பனியால் பாட்டரி சோர்வடைகிறது. நம் நாட்டிலோ வெயிலே அதன் ஆயுளைத் தின்கிறது. சுற்றுப்புற வெப்பம் 10 டிகிரி கூடினால் பாட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது தொழில் அறிந்தோர் கொள்ளும் பொதுக்கணக்கு. ஆகவே சித்திரை வெயிலில் வண்டியை நிறுத்த மர நிழல் தேடுவது வீண் வேலையன்று.

இவையன்றி, முனைகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கும் களிம்பு, தளர்ந்த திருகாணி, பழுதுற்ற மின்னாக்கி அல்லது ரெகுலேட்டர் ஆகியவையும் காரணமாகலாம். புதுப் பாட்டரி மாட்டிய சில நாள்களிலேயே மீண்டும் தொல்லை தொடங்கினால், பாட்டரியைப் பழிக்காமல் மின்னூட்டும் பகுதியைச் சோதிக்கச் செய்ய வேண்டும்.

முன்னெச்சரிக்கை ஒலிகள்

பாட்டரி பெரும்பாலும் சொல்லிவிட்டே விடைபெறுகிறது. காலையில் ஸ்டார்ட்டர் தயங்கிச் சுழலும். பொத்தானை அழுத்துகையில் விளக்கு மங்கும். ஹாரன் தொண்டை கட்டியது போல் ஒலிக்கும். இறுதியில் 'டக் டக்' எனும் ஓசை மட்டும் எஞ்சும். இவற்றுள் முதல் அறிகுறியிலேயே விழித்துக்கொள்பவர் நடுவழியில் நிற்கமாட்டார்.

மின்சாதனக் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்றை வீட்டில் வைத்திருப்பது நன்று. வண்டி சில மணி நேரம் ஓய்ந்திருந்த பின் பாட்டரி முனைகளில் அளந்தால், 12.6 வோல்ட் அல்லது அதற்குமேல் காட்டுவது நிறைந்த நிலை. 12.4 என்றால் முக்கால் பங்கு அளவில் உள்ளது. 12 வோல்ட்டை ஒட்டி இறங்கிவிட்டால் ஏறத்தாழக் காலியே. எஞ்சினை ஓடவிட்டு, சற்றே வேகம் கூட்டி அளந்தால் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். அவ்வாறு உயராவிடில் மின்னூட்டும் பகுதியில் குறை உள்ளது.

வண்டி நின்றுவிட்டால்?

முதலில் பதற்றத்தை விடுங்கள். எஞ்சினை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் தவறாக அழுத்தப்பட்டுள்ளதா, பக்கத் தாங்கி மடக்கப்பட்டுள்ளதா, கியர் நடுநிலையில் உள்ளதா, ஃபியூஸ் எரிந்துள்ளதா, முனைகள் இறுகியுள்ளனவா என ஒவ்வொன்றாகப் பாருங்கள். பாட்டரி நன்றாக இருந்தும் இச்சிறு காரணங்களால் வண்டியை மெக்கானிக்கிடம் தள்ளிச் சென்றவர் உண்டு.

கிக்கர் இருந்தால் அதை முயலலாம். இல்லையேல் தள்ளிக் கிளப்பலாம். சாவியைத் திருகி, இரண்டாம் கியரில் இட்டு, கிளட்சை முழுவதும் பிடித்துக்கொண்டு வண்டியை ஓடவிட்டுத் தள்ள வேண்டும். நல்ல வேகம் வந்ததும் கிளட்சைச் சட்டென விட, எஞ்சின் உயிர் பெறும். உடனே மீண்டும் கிளட்சைப் பிடிக்க வேண்டும். ஆளில்லாத, போக்குவரத்தற்ற இடத்திலேயே இதைச் செய்யலாம். கியர் இல்லாத ஸ்கூட்டர்களை இவ்வாறு கிளப்ப இயலாது. 2020 ஏப்ரல் முதல் புதிய மாசுக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தபின் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் மின்சாரத்தால் இயங்கும் எரிபொருள் பம்பு உள்ளது. பாட்டரியில் சிறிதளவேனும் மின்சாரம் எஞ்சியிருந்தால்தான் அது இயங்கும். அன்றிரவு எங்கள் வண்டி கிளம்பியது அந்தச் சொற்ப மிச்சத்தால்தான்.

மற்றொரு 12 வோல்ட் வண்டியிலிருந்து கம்பி வழியாக மின்சாரம் பெறுவது வேறொரு வழி. இதில் வரிசை முக்கியம். சிவப்புக் கம்பியின் ஒரு முனையைச் செத்த பாட்டரியின் கூட்டல் முனையிலும், மறுமுனையை நல்ல பாட்டரியின் கூட்டல் முனையிலும் பொருத்துக. கருப்புக் கம்பியை நல்ல பாட்டரியின் கழித்தல் முனையில் மாட்டி, அதன் மறுமுனையை நின்றுபோன வண்டியின் வண்ணம் பூசப்படாத இரும்புப் பகுதியில், பாட்டரிக்குச் சற்றுத் தொலைவில் பொருத்துக. பாட்டரியிலிருந்து எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிவரக்கூடும். பொறி அதன் அருகே எழாதிருக்கவே இந்த ஏற்பாடு. கழற்றும்போது இவ்வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். காரிலிருந்து மின்சாரம் பெற்றால் காரின் எஞ்சினை ஓடவிடாதீர்கள். எஞ்சின் ஓடும் வேளையில் பாட்டரியின் கம்பியை ஒருபோதும் கழற்றலாகாது. மின்னழுத்தம் திடீரென உயர்ந்து நுண்ணிய கருவிகளைக் கெடுத்துவிடும்.

வண்டி கிளம்பிவிட்டால் உடனே நிறுத்திவிடாமல் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். அதுவும் முழு ஊட்டம் ஆகாது. சார்ஜரில் இட்டு, கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் அளவில் மெதுவாக ஊட்டுவதே உடலுக்குக் கஞ்சி போன்ற மருந்து. 5 ஆம்பியர்-மணி பாட்டரிக்கு அரை ஆம்பியர் போதும். பத்து மணி நேரத்திற்குச் சற்று மேலாகலாம்.

பராமரிப்பும் பாதுகாப்பும்

வாரம் ஒருமுறையேனும் வண்டியை அரை மணி நேரம் ஓட்டுக. நெடுநாள் வெளியூர் செல்வதாயின், பாட்டரியின் கழித்தல் கம்பியைக் கழற்றி வைத்துச் செல்லலாம். கழற்றும்போது கழித்தல் முனை முதலாவது. மாட்டும்போது கூட்டல் முனை முதலாவது. முனைகளில் களிம்பு கண்டால், கம்பிகளைக் கழற்றிய பின் ஆப்பச் சோடா கலந்த நீரால் துடைத்து, உலர்த்தி, மீண்டும் மாட்டியபின் சிறிது வாசலைன் தடவுங்கள்.

திறக்கும் மூடிகள் கொண்ட பாட்டரியாயின், திரவம் மேற்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையே உள்ளதா என மாதம் ஒருமுறை பாருங்கள். குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய் நீரும் கிணற்று நீரும் ஆகா, அமிலமும் ஊற்றலாகாது. மூடி முத்திரையிடப்பட்ட பாட்டரியைத் திறக்க முயலவே வேண்டாம்.

பாட்டரியின் அருகே தீக்குச்சியோ சிகரெட்டோ கூடாது. அமிலம் கண்ணில் பட்டால் சுத்தமான நீரால் 15 நிமிடமாவது இடைவிடாது கழுவி, உடனே மருத்துவரிடம் செல்க. சிறுவர்களை அருகே விடாதீர்கள்.

பழைய பாட்டரியைக் குப்பையில் எறிவதும், வீட்டு மூலையில் போட்டு வைப்பதும், உடைத்து ஈயம் எடுப்போரிடம் விற்பதும் பெருந்தவறு. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் வெளியான பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய பாட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது சுமத்துகின்றன. புதியது வாங்கும் கடையில் பழையதைக் கொடுத்துவிட்டால், விலையில் கழிவும் பெரும்பாலும் கிடைக்கும். புதியதை வாங்குகையில் அதே கொள்ளளவு உடையதா, தயாரித்த மாதம் அண்மையதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்றிரவு மூச்சுத் திணறிய குழந்தை இன்று பள்ளிக்குச் செல்கிறாள். என் வண்டி நிறுத்துமிடத்தின் சுவரில் ஒரு நாள்காட்டி தொங்குகிறது. ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை பாட்டரியை அளந்து, வந்த எண்ணை அந்தத் தேதியின் கட்டத்தில் எழுதி வைக்கிறேன். ஐந்து நிமிட வேலைதான். எந்த இரவில் யார் வந்து கதவைத் தட்டுவார் என்பதை நாம் அறியோம். தட்டும்போது வண்டி ஆயத்தமாக இருப்பது நம் கையில் உள்ளது.