ரதி வேஷம்

இறம்பொடைப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு நீர்வீழ்ச்சியைத் தெரியும், சின்மயா மிஷன் அனுமன் கோயிலைத் தெரியும், கீழே கிடக்கும் கொத்மலை நீர்த்தேக்கத்தையும் தெரியும். காமன் கூத்து நடக்கும் பொட்டலை மட்டும் தெரியாது. தேயிலைத் தோட்டத்து லயத்துக்குப் பக்கத்தில், மாரியம்மன் கோயிலை ஒட்டி, பிள்ளைகள் பந்தடிக்கிற அளவுக்கு ஒரு மண்தரை; அதில் பார்க்க என்ன இருக்கிறது? வருஷம் முழுக்க ஆடு மேயும். மாசி பிறந்துவிட்டால் அதுதான் பள்ளிக்கூடம்.

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரிகிற நாளில் பொட்டலில் காமன் கம்பு ஊன்றுவார்கள். அன்றிலிருந்து சிவனின் நெற்றிக்கண் மன்மதனை எரிக்கும் இரவு வரை தோட்டத்துக்குத் தூக்கம் கிடையாது. அந்தக் காலத்தில் ரதி வேஷத்துக்குப் பையன் பிடிப்பதே ஒரு படலம். மீசை அரும்பியிருக்கக் கூடாது, குரல் உடைந்திருக்கக் கூடாது, பனியில் விடிய விடிய நின்றாலும் இருமக் கூடாது. அத்தையின் கூறைச்சேலையை இரவல் வாங்கிக் கட்டி, பவுடர் பூசி, மதனுக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள். பகலில் அவன் மலையில் புல்லு வெட்டுகிறவன். கற்றுக்கொடுக்கிற கூத்து மாஸ்டரும் கவ்வாத்துக் கத்தியோடு பெரட்டுக்குப் போகிறவர்தான். இரவில் அவர் வாயிலிருந்து பாட்டு அருவியாக இறங்கும். அவர் கையில் இருந்தால் ஒரு பழைய கொப்பி இருக்கும்; பல பேரிடம் அதுவும் இல்லை.

அந்தப் பையன் கற்றுக்கொண்டதை எண்ணிப் பார்த்தால் பெரிய கணக்கு வருகிறது. நூற்றுக்கணக்கான வரி மனப்பாடம். தப்பு மேளத்தின் அடிக்குக் கால் பிசகாமல் வைப்பது. மைக் இல்லாமல் கடைசி லயம் வரை குரலைக் கொண்டுபோவது. எல்லாவற்றுக்கும் மேலே, தன் முறை வரும் வரை வாயை மூடிக்கொண்டு நிற்பது. பதின்மூன்று வயதில் இது லேசான காரியமா? பார்க்கிறவர்களும் லேசானவர்கள் இல்லை. அடி பிசகினால், படங்கை விரித்துக் கம்பளியைப் போர்த்தி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அப்பாயி அங்கிருந்தே எடுத்துக்கொடுப்பார். பையன் வெட்கப்பட்டுத் திருத்திக்கொள்வான்.

தோட்டத்தில் பள்ளிக்கூடம் இல்லாமலில்லை. 6 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தோட்டங்கள் கல்வி கொடுக்க வேண்டும் என்று 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சொன்னது. துரைமார் அதற்குக் கொடுத்தது பெரும்பாலும் ஒரு காம்பராவும் ஒரு வாத்தியாரும். 1945இல் நாடு முழுக்க இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டத்துப் பிள்ளைகள் ஓரமாகவே நின்றார்கள். அந்தப் பள்ளிகளை அரசு கையேற்க 1970கள் ஆயின. கையெழுத்துப் போட்டால் போதும் என்று அந்தக் காம்பரா நிறுத்திக்கொண்ட இடத்திலிருந்து தமிழின் சந்தத்தையும் வாதத்தையும் சோகத்தையும் லயத்துப் பையனுக்குக் கொடுத்தது பொட்டல்தான். காமன் மட்டுமில்லை, அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் சேர்த்தி.

இதோடு நிறுத்தினால் அந்தக் காலம் தங்கமான காலம் ஆகிவிடும். பெண்பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்? கூட்டத்தில் இருந்தார்கள். கொழுந்து மலையிலும் தொட்டிலடியிலும் சாவு வீட்டிலும் அவர்கள் பாடியதைப் பாட்டு என்று எண்ணி எழுதிவைக்க, மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் வர வேண்டியிருந்தது. பின்னர் சாரல் நாடனும் மாத்தளை வடிவேலனும் இந்தக் கலைகளைப் பற்றி எழுதினார்கள். தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் பாடினார். அது ஆயிரத்தில் ஒன்று. இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. பெரட்டுக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி என்று ஒரு தோட்டத்தையே தப்பால் நடத்தியவனை, அதே தப்பைச் சொல்லித்தான் தள்ளியும் வைத்தார்கள். அவன் மகன் குச்சியைத் தொட மறுத்ததில் என்ன தப்பு?

இன்று ரதி ஒரு பெண்பிள்ளை. தரம் 10 படிக்கிறாள். நான் பார்த்தது தமிழ்மொழித் தினப் போட்டி மேடையில். பாடசாலையில் தொடங்கி, வலயம், மாகாணம் என்று ஏறி, தேசிய மட்டம் வரை போகிற போட்டி அது. மதனை எரிக்கப் பல இரவுகள் எடுத்துக்கொண்ட கதையைச் சில நிமிஷங்களில் முடித்தாக வேண்டும். சிவன் கண்ணைத் திறக்கிற நேரத்தில் நடுவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு மேடை ஓரத்தில் அவள் அம்மாவைப் பார்த்தேன். அரைப்பேருக்கு வேலை செய்துவிட்டு ஓடிவந்தவர், கைவிரலில் கொழுந்துக் கறை போகவில்லை. மகள் ஒப்பாரி எடுத்தபோது அவர் உதடும் கூடவே அசைந்தது. அவருக்கு அந்தப் பாட்டு முழுக்கத் தெரியும். அவரை யாரும் எந்தப் பொட்டலிலும் ஏற்றியதில்லை.

இப்போது தரம் 6 முதல் அழகியல் பாடம் இருக்கிறது. சித்திரம், கர்நாடக சங்கீதம், பரதம், நாடகமும் அரங்கியலும் என்பவற்றில் ஒன்றை எடுக்கலாம். சாதாரண தரத்தில் ஏ சித்தி, உயர்தரம், மட்டக்களப்பில் விபுலானந்தர் பெயரிலான அழகியற் கற்கை நிறுவகம் என்று வழி நீள்கிறது. கோயில்களில் ஞாயிற்றுக்கிழமை அறநெறி வகுப்பும் உண்டு. கூத்தாடி அரிசி வாங்கலாம் என்று அன்று யார் சொன்னார்கள்? இன்று நடன ஆசிரியை என்பது அரசாங்க உத்தியோகம்.

ஆனால் எல்லாப் பாடசாலைக்கும் அந்த ஆசிரியை வாய்ப்பதில்லை. சங்கீதத்துக்கு ஆள் இல்லாவிட்டால் பிள்ளைகள் சித்திரக் கொப்பியோடு உட்கார்ந்திருப்பார்கள். வாய்த்தாலும் இன்னொரு சிக்கல். பரதம் படிக்கிற பிள்ளைக்கு அடவு வரிசை அத்துப்படி. தாத்தாவின் தப்பு அடி தெரியாது. பாடத்திட்டத்தில் மேலே இருப்பது தஞ்சாவூர், தன் லயத்துக் கூத்து ஒரு ஓரத்தில்.

“இதால என்ன கெடைக்கும் சார்?” என்று கேட்கிற அப்பாமாருக்கு நான் ஹூஸ்டனைச் சொல்வதுண்டு. அமெரிக்காவின் அந்த நகரில் 42 பாடசாலைகளில் 10,548 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். குலுக்கல் முறையில் சில பாடசாலைகளுக்குக் கலை வகுப்புகளைக் கூட்டிக் கொடுத்தார்கள். அங்கே ஒழுக்கக் குற்றத்துக்குத் தண்டனை பெற்ற பிள்ளைகளின் பங்கு 3.6 சதவீதப் புள்ளி குறைந்தது. எழுத்துத் திறன் கூடியது. பிறர் மேல் இரக்கமும் சற்றுக் கூடியது. கணக்குப் பாடத்தில் குறிப்பிடும்படி ஒன்றும் நடக்கவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவேன். அப்பாயி முன்வரிசையில் இருந்து அடி எடுத்துக்கொடுத்ததை அந்த ஆய்வு அளக்கவில்லை.

போன மாசியில் எங்கள் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கம்பு ஊன்றினார்கள். மதன், கொழும்பில் கடையில் நிற்கிற பையன். லீவு எடுத்து வந்திருந்தான், பாட்டைப் போனில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். பொட்டலில் ரதி அப்போதும் ஆண்பிள்ளைதான். மேடையில் ரதியான பெண் கொப்பியும் பேனாவுமாக வந்து, மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாட்டை எழுதிக்கொண்டு போகத்தான் வந்தாள். கவ்வாத்து மலையில் பொறுக்கிய மிலாறு சடசடத்து எரிந்துகொண்டிருந்தது. மாஸ்டர் பாட ஆரம்பிக்கவில்லை. தப்பு ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்து நெருப்புப் பக்கம் காட்டச் சொன்னார். சுற்றி நின்ற இரண்டு மூன்று பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் திருப்பித் திருப்பிக் காட்டினாள், பிறகு விரலால் தட்டினாள். தொப்பென்று சத்தம் வந்தது.

“இன்னும் காயணும் பாப்பா” என்றார்.