புதைத்தபின்னும் காவல்

குப்பையைப் புதைத்துவிட்டால் கடமை முடிந்தது என எண்ணுகிறோம். ஆனால் உண்மை வேறு.

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்துப் பிரெஸ்னோ நகரில், 1937இல் வீட்டுக் குப்பையைக் குழியிலிட்டு இறுக்கி, நாள்தோறும் மண்ணால் மூடும் முறை தொடங்கிற்று. ஆயினும் அடியில் தடுப்பில்லை. நச்சு, நிலத்தடி நீரில் கலந்தது. அக்கிடங்கு 1987இல் மூடப்பட்டது.

அந்நாட்டின் 1991ஆம் ஆண்டு விதிகளின்படி, புதிய கிடங்குகளின் அடியில் இரண்டடி களிமண்ணை இறுக்கி, அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பை இடுகின்றனர். ஊறும் கழிவுநீரைக் குழாய்கள் வெளியேற்றுகின்றன. அழுகலில் பிறக்கும் மீத்தேன் வாயுவையும் கண்காணிக்கின்றனர். மூடியபின்னும் 30 ஆண்டுகள் காவல் உண்டு.

எறிந்தது மறைவதில்லை, அன்பர்களே! தூக்கியெறியும் பண்பாட்டைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் கண்டித்தார். இறைவன் தந்த மண்ணுக்கு நாமே காவலர். நம் இல்லத்துக் குப்பைக்கூடையின் சுமையை இன்றே குறைப்போம்.