பெட்டியில் எழுதியதும் காதில் விழுவதும்

மீஞ்சூர் பஜாரில் செல்போன் கடைகளுக்குப் பஞ்சமில்லை. பழவேற்காடு ஏரியை ஒட்டிய குப்பங்களிலிருந்து வரும் இளைஞர்கள், அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துக்கும் எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களுக்கும் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்கள், புறநகர் ரயிலேறிச் சென்னைக் கல்லூரிகளுக்குப் போய்வரும் பிள்ளைகள் என்று பலரும் இங்கேதான் இயர்போன் வாங்குகிறார்கள். வாங்கும் விதமும் பெரும்பாலும் ஒன்றுதான். கடைக்காரர் பெட்டியைப் பிரித்து, தாளம் அதிரும் ஒரு பாட்டைத் தன் போனில் முழுச் சத்தத்தில் ஓடவிடுகிறார். "கேட்டுப் பாருப்பா, பேஸ் எப்படி இடிக்குது!" இடிக்கத்தான் செய்கிறது. "சூப்பர்ணே" என்று பணத்தை நீட்டுகிறார் வாங்குபவர். பில் கேட்டால், "பில்லுன்னா ஜிஎஸ்டி சேரும், பரவாயில்லையா?" என்று பதில் வருகிறது. அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

அந்த ஒரு நிமிடத்தில் வாங்குபவரை முதலில் ஏமாற்றுவது அவருடைய காதுதான். சத்தம் கூடினால் ஒலி தரமாக இருப்பதுபோல் தோன்றுவது மனிதக் காதின் இயல்பு. இரண்டு இயர்போன்களில் ஒன்று சற்றே உரக்க ஒலித்தாலும் போதும், அதுதான் நல்லது என்று மனம் முடிவுகட்டிவிடும். அதனால்தான் ஒலிப் பொறியாளர்கள் ஒப்பிடும்போது, முதலில் இரண்டின் சத்தத்தையும் சமமாக்கிக்கொள்கிறார்கள். கடையில் அதற்குக் கருவி இருக்காது. ஆனால், நன்றாகப் பழகிய ஒரு பாட்டைச் சொந்தப் போனில், பாதிக்கும் கீழான சத்தத்தில் வைத்துக் கேட்கலாம். குரலில் 'ச', 'ஷ' ஒலிகள் காதைக் கீறாமல் தெளிவாக விழுகின்றனவா? தபேலாவின் வலக்கைத் தட்டும் இடக்கை முழக்கமும் தனித்தனியாகக் கேட்கின்றனவா? இளையராஜா பாட்டில் குரலுக்கு அடியில் ஓடும் பேஸ் கிடாரின் சுரங்கள் பிரிந்து தெரிகின்றனவா, இல்லை எல்லாம் சேர்ந்து 'தும் தும்' என்று ஒரே இரைச்சலாக வருகிறதா? தணிந்த சத்தத்தில் இத்தனையும் தெரிந்தால் அது நல்ல இயர்போன். சத்தத்தைக் கூட்டினால்தான் பாட்டுக்கு உயிர் வருகிறது என்றால் அதை அங்கேயே வைத்துவிடலாம்.

விலை அதிகமென்றால் ஒலியும் உயர்வாக இருக்கும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் குறைவு. ஒலியியல் ஆய்வாளர் ஜெரூன் பிரீபார்ட் 283 ஹெட்போன், இயர்போன்களின் அளவீடுகளை எடுத்து ஒப்பிட்டு, 2017-ல் அமெரிக்க ஒலியியல் கழகத்தின் ஆய்விதழில் எழுதினார். தாழ்ந்த சுரம் முதல் உச்ச சுரம் வரை ஒலி எந்த அளவில் வெளிப்படுகிறது என்பதற்கும் விலைக்கும் தொடர்பே இல்லை என்பது அவர் கண்ட முடிவு. கூடுதல் விலை பேட்டரிக்கோ உறுதியான உடலுக்கோ பெயருக்கோ போயிருக்கலாம்.

விலையைவிடப் பெரிய வித்தியாசத்தைச் செய்வது, பெட்டிக்குள் சிறு கவரில் கிடக்கும் ரப்பர் முனைகள். சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று அளவு இருக்கும். மாட்டியிருக்கும் நடுத்தர அளவையே பலரும் கடைசிவரை வைத்திருக்கிறார்கள். காதுத் துளையும் ரப்பரும் இடைவெளியின்றிப் பொருந்தாவிட்டால் பேஸ் ஒலி கசிந்துவிடும், வெளி இரைச்சல் உள்ளே நுழையும். அதை ஈடுகட்டச் சத்தத்தைக் கூட்டுவார்கள். ஒருவருக்கே இரண்டு காதுக்கும் வேறு வேறு அளவு தேவைப்படுவதும் உண்டு. காசு செலவில்லாமல் ஒலி மேம்பட இதைவிட எளிய வழி கிடையாது.

பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கவும் பழக வேண்டும். '20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை' என்பது ஏறக்குறைய எல்லாப் பெட்டியிலும் இருக்கும். அந்த எல்லைக்குள் ஒலி எவ்வளவு சீராக வரும் என்று சொல்லாதவரை அந்த எண்ணால் பயனில்லை. இன்னொன்று, பலர் பணத்தை இழக்கும் இடம்: 'இஎன்சி' என்பதும் 'ஏஎன்சி' என்பதும் ஒன்றல்ல. இஎன்சி மைக்குக்கானது. நீங்கள் பேசும்போது உங்களைச் சுற்றியுள்ள இரைச்சலைக் குறைத்து எதிர்முனையில் இருப்பவருக்கு அனுப்பும். உங்கள் காதில் விழும் ரயில் இரைச்சலை அது துளியும் குறைக்காது. அதைக் குறைப்பது ஏஎன்சி. 'நாய்ஸ் கேன்சலிங்' என்று மட்டும் சொல்லி விற்றால், இரண்டில் எது என்று கேட்டு வாங்க வேண்டும்.

ஏரிக்கரை ஊர்களுக்கென்றே ஒரு சங்கதி இருக்கிறது. பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்று இருந்தால் எல்லாப் பக்கத்திலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். ஆனால் இந்தச் சோதனைகள் நல்ல தண்ணீரில் நடப்பவை. முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போகும் ஃபைபர் படகில் உப்புத் தூறல் படாத பொருள் எது? உப்பு காய்ந்து சார்ஜ் ஏறும் முனைகளை அரிக்கும். அந்தச் சேதத்துக்கு வாரண்டி கிடைக்காமல் போவதும் வழக்கம். நடுவிலுள்ள 'எக்ஸ்' என்ற எழுத்து, தூசுக்கும் மணலுக்கும் எதிராக மதிப்பிடப்படவில்லை என்பதைக் குறிக்கிறது. படகில் வானிலைச் செய்தி கேட்கப் போனின் எஃப்எம்மை நம்புகிறவர்களுக்கு ஒயர் இயர்போனே தேவை. எஃப்எம் உள்ள போன்களில் அந்த ஒயர்தான் ஆன்டெனாவாக வேலை செய்கிறது. புளூடூத்தில் அது நடக்காது.

இனி காதின் கணக்கு. வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்பதென்றால் சத்தம் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். பத்து டெசிபல் ஏறியதும் நேரம் பத்தில் ஒன்றாகிவிடுகிறது. முழுச் சத்தத்தில் வைத்த இயர்போன் 100 டெசிபலையும் தாண்டக்கூடும். மீஞ்சூரிலிருந்து சென்ட்ரலுக்குப் போகும் மின்ரயிலின் இரைச்சலிலோ படகு எஞ்சின் பக்கத்திலோ உட்கார்ந்தால், பாட்டு அந்த இரைச்சலை மிஞ்ச வேண்டுமென்று விரல் தானாகச் சத்தத்தைக் கூட்டும். உள்காதின் நுண்ணிய மயிர் செல்கள் அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. முதலில் போவது உச்ச சுரங்களைக் கேட்கும் திறன். பிறர் பேச்சில் 'ச', 'ஷ', 'ஃப' ஒலிகள் மங்கும், 'என்ன, என்ன' என்று திரும்பத் திரும்பக் கேட்க வேண்டிவரும். இயர்போனைக் கழற்றிய பிறகும் காதில் 'ங்ஙொய்' என்ற இரைச்சல் நின்றால் அது எச்சரிக்கை. ஓரிரு நாளில் போகாவிட்டால், அல்லது திடீரென ஒரு காது அடைத்துக் கேட்காமல் போனால், உடனே காது மருத்துவரிடம் போக வேண்டும். திடீர்ச் செவித்திறன் இழப்புக்குத் தாமதமே பெரிய எதிரி. ராயபுரம் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு இருக்கிறது.

நன்றாகப் பொருந்தும் இயர்போன் வெளி இரைச்சலை அடைக்கிறது என்பதன் மறுபக்கம், ரயிலின் ஹாரனையும் அடைக்கிறது என்பது. மீஞ்சூர் வழியாகப் போவது வெறும் புறநகர்ப் பாதையல்ல. ஹவுராவுக்கும் டெல்லிக்கும் போகும் ரயில்கள் இங்கே நிற்காமல் பாய்ந்து செல்லும் முதன்மைப் பாதை. தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பது 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். குடும்பங்கள் அறிய வேண்டியது இன்னொன்றும் உண்டு. பயணி ரயிலிலிருந்து தவறி விழுந்து இறந்தால் அதே சட்டத்தில் 8 லட்சம் ரூபாய் இழப்பீட்டுக்கு வழி இருக்கிறது. தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டவருக்கு அந்த வழி கிடையாது. படகிலும் அப்படித்தான்: முகத்துவாரத்தில் அலை எழும்போது கூட இருப்பவர் போடும் கூச்சல்தான் எச்சரிக்கை. அந்த நேரத்தில் இரண்டு காதும் திறந்திருக்க வேண்டும்.

வாங்கிய பொருள் கெட்டுப்போனாலோ சொன்னது ஒன்று கிடைத்தது ஒன்று என்றாலோ, 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு வரும். பில் தராமல் விற்பதே அந்தச் சட்டத்தில் முறையற்ற வணிகம். பில்லில் காலக்கெடு எதுவும் குறிப்பிடவில்லை என்றால், குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திருப்பித் தரும்போது வாங்க மறுப்பதும் அப்படியே. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று சுவரில் எழுதி வைத்திருந்தாலும் இந்த உரிமை போய்விடாது. பெட்டியிலுள்ள அதிகபட்ச சில்லறை விலையில் எல்லா வரியும் அடக்கம். பில்லுக்காக ஜிஎஸ்டி சேர்த்து அந்த விலைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் தவறு. கேட்டால் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் புகார் தரலாம்.

புளூடூத் இயர்போனுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். பெட்டியில் 'ஆர்' என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவு எண் இருக்கும். 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்த நிறுவனத்துக்குத் தரப்பட்டது என்று தெரிந்துவிடும். பெட்டியில் ஒரு பெயர், செயலியில் வேறு பெயர் என்றால் வாங்காதீர்கள். போலிப் பொருளில் ஒலி மட்டுமா மோசம்? காதோடு ஒட்டியிருப்பது ஒரு லித்தியம் பேட்டரி.

இணையத்தில் வாங்கியிருந்தால், அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020-ம் ஆண்டு மின்வணிக விதி. பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வைப்பது பின்னால் கைகொடுக்கும்.

அங்கேயும் நியாயம் கிடைக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதற்கும் மேலே திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. விற்ற நிறுவனம் பெங்களூரிலோ டெல்லியிலோ இருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். வழக்கறிஞர் இல்லாமல் தானே வாதாடலாம், 'இ-ஜாக்ருதி' இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே மனுவைப் பதிவு செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் ஒரு பைசாகூடக் கிடையாது.