பிஜிஎம்ஐ: இந்தியப் பதிப்பில் நீக்கப்பட்டவையும் ரசிகர்களின் மனக்குறையும்

ஒரு நிகழ்பட விளையாட்டிற்காக உருவாக்கப்பட்டு, பின்னர் அதிலிருந்து எடுக்கப்பட்ட காட்சி, பாத்திரம், ஆயுதம், வசனம் போன்றவை நீக்கப்பட்ட உள்ளடக்கம் எனப்படும். இந்தியாவில் இது குறித்த மனக்குறை பெரிய அளவில் எழுந்தது பப்ஜி மொபைல் விளையாட்டிலும், அதன் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ எனப்படும் பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியாவிலும் ஆகும்.

நீக்கத்தின் வகைகள்

முதல் வகை, உருவாக்கும்போதே நிகழ்வது. நேரமோ பணமோ போதாதபோது சில பகுதிகள் கைவிடப்படுகின்றன. 2004-இல் வெளியான ஸ்டார் வார்ஸ் தொடரின் ஒரு விளையாட்டில் இவ்வாறு விடுபட்ட பகுதிகள் கோப்புகளுக்குள்ளேயே கிடந்தன. ரசிகர்கள் அவற்றைத் தேடியெடுத்துச் சீரமைத்தனர். திருப்பூரில் பனியன் வெட்டும்போது ஒதுங்கும் துண்டுத் துணி மீண்டும் நூலாவதைப் போன்றது இது.

இரண்டாவது வகை, தொடரின் புதிய பாகத்தில் பழையவற்றைக் குறைப்பது. 2019-இல் வந்த போக்கிமான் சுவார்டு, ஷீல்டு விளையாட்டுகளில் முந்தைய பாகங்களின் எல்லா போக்கிமான்களையும் கொண்டுவர முடியாது என்று அறிவிக்கப்பட்டபோது, பல ஆண்டுகளாகச் சேகரித்தவர்கள் கொதித்தனர்.

மூன்றாவது வகை, ஒரு நாட்டின் சட்டத்திற்கோ உணர்வுகளுக்கோ ஏற்ப மாற்றுவது. சில வேளைகளில் விளையாட்டே வெளியாகாமல் போவதும் உண்டு. 2008-இல் பண்பாட்டு உணர்வுகளைக் காரணம் காட்டி, ஃபால்அவுட் 3 விளையாட்டை இந்தியாவில் வெளியிடுவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதில் இரண்டு தலைப் பசுவுக்கு 'பிராமின்' என்ற பெயர் இருந்ததே காரணம் என்று ரசிகர்கள் கருதினர். நிறுவனம் அவ்வாறு விளக்கவில்லை.

பப்ஜி தடை

2018 மார்ச்சில் வெளியான பப்ஜி மொபைல், நூறு பேர் ஒரு தீவில் இறங்கிக் கடைசிவரை பிழைத்திருக்கப் போராடும் விளையாட்டு. விலையின்றிக் கிடைத்ததாலும், சாதாரணக் கைபேசியிலேயே நண்பர்களுடன் பேசிக்கொண்டு ஆட முடிந்ததாலும் இந்திய இளைஞரிடையே வேகமாகப் பரவியது. 2020 செப்டம்பர் 2 அன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் 118 செயலிகளை மத்திய அரசு தடைசெய்தது. அவற்றுள் பப்ஜியும் ஒன்று. அக்டோபர் 30 அன்று இந்தியாவுக்கான சேவை முற்றிலும் நின்றது.

இந்தியப் பதிப்பில் மாற்றங்கள்

தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் 2021 ஜூலை 2 அன்று ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கு பிஜிஎம்ஐயை வெளியிட்டது. அதில் செய்யப்பட்ட முக்கிய மாற்றங்கள்:

• சிவப்பு ரத்தம் பச்சை நிறமானது.
• எதிரியைக் கொன்றதைக் குறிக்கும் சொல்லுக்குப் பதிலாக 'முடித்தல்' என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொல் வந்தது.
• இது கற்பனை உலகம் என்ற எச்சரிக்கை சேர்க்கப்பட்டது.
• 18 வயதுக்குட்பட்டோருக்கு நாளொன்றுக்கு 3 மணிநேர வரம்பு விதிக்கப்பட்டது.

2022 ஜூலை 28 அன்று இதுவும் செயலிக் கடைகளிலிருந்து அகற்றப்பட்டது. 2023 மே மாதம், மூன்று மாதச் சோதனை அனுமதியுடன் திரும்பி வந்தது. அப்போது வயது வந்தோருக்கும் 6 மணிநேர வரம்பு விதிக்கப்பட்டது.

மனக்குறையின் காரணம்

பச்சை ரத்தம் கேலிக்குள்ளானாலும், இழப்பின் மையம் அதுவன்று. பலர் பணம் செலுத்தி உடைகளும் துப்பாக்கி ஸ்கின்களும் வாங்கியிருந்தனர். பல மாதம் ஆடித் தரநிலையை உயர்த்தியிருந்தனர். தடையோடு இவை கைக்கு எட்டாமல் போயின. பழைய கணக்கை பிஜிஎம்ஐக்கு மாற்றிக்கொள்ள வழி தரப்பட்டாலும், அது 2021 டிசம்பர் 31-உடன் முடிந்தது. போட்டிகளை நம்பியிருந்த தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு ஒவ்வொரு தடையும் வருமான இழப்பாக இருந்தது.

மறுபுறம், நேர வரம்பையும் வன்முறைக் குறைப்பையும் வரவேற்ற பெற்றோரும் ஆசிரியரும் உண்டு. படிப்பும் உறக்கமும் கெடுகின்றன என்ற அவர்களின் கவலை ஆதாரமற்றதன்று. ஆனால் விலக்குவது எது, ஏன் என்று முன்கூட்டியே விளக்கப்படாதபோது, நியாயமான மாற்றமும் பறிப்பாகவே தோன்றுகிறது.

விளையாடுவோர் அறியவேண்டியது

இணைய விளையாட்டில் வாங்கும் பொருள், கடையில் வாங்கிய பொருளைப் போல வாங்கியவரின் உடைமையாவதில்லை. அதைப் பயன்படுத்தும் உரிமம் மட்டுமே கிடைக்கிறது. நிறுவனம் அதை மாற்றலாம். அரசு ஆணையால் சேவையே நிற்கலாம். விதிமுறைகளை ஏற்கும் பொத்தானை அழுத்தும்போது விளையாடுபவர் ஒப்புக்கொள்வது இதையே. எனவே பணம் செலுத்துமுன், குறிப்பாகப் பெற்றோரின் பணத்தைச் செலுத்துமுன், அது நிலையான சேமிப்பு அன்று என்பதை மாணவர்கள் நினைவில் கொள்வது நல்லது.