உங்களுக்குத் தெரியுமா? பூனையின் சிறுநீர்ப் படிகத்துக்கு முதல் மருந்து தண்ணீர்

பூனையின் சிறுநீரில் படிகம் தெரிந்ததும் பலர் அமிலமாக்கும் மாத்திரையைத் தேடுகிறார்கள். ஆனால் படிகம் ஒரே வகை அல்ல. மெக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் சேர்ந்த ஸ்ட்ரூவைட், சிறுநீர் அமிலத்தன்மை அடைந்தால் கரையும். உரிய உணவு கொடுத்தால் அதன் கற்கள்கூடச் சில வாரங்களில் கரைந்துவிடும். கால்சியம் ஆக்சலேட்டோ எந்த உணவுக்கும் கரையாது. 1980களில் மெக்னீசியத்தைக் குறைத்து அமிலத்தைக் கூட்டிய தீவனங்கள் பரவியபின், ஸ்ட்ரூவைட் கற்கள் குறைந்தன, ஆக்சலேட் கற்கள் பெருகின. அமிலத்துக்காக வைட்டமின் சி தருவதும் சரியல்ல. உடலில் அதன் ஒரு பகுதி ஆக்சலேட்டாக மாறுகிறது.

இரண்டு வகைக்கும் உதவுவது சிறுநீரை நீர்க்கச் செய்வதுதான். கிண்ணத்தில் எப்போதும் தண்ணீர் இருக்கிறதே என்பார்கள். பாலைநில மூதாதையரின் வழிவந்த பூனைக்குத் தாக உணர்வு குறைவு. சுமார் 10 சதவீதமே ஈரமுள்ள உலர்தீவனத்தின் குறையை அது குடித்து முழுதாக ஈடுசெய்வதில்லை. ஈர உணவிலோ ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். விலை கூடுதல்தான், உலர்தீவனத்தில் வெதுவெதுப்பான நீர் கலந்தாலும் பயன் உண்டு. படிகத்தின் வகை தெரியும்வரை மாத்திரை எதுவும் வேண்டாம். ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வராவிட்டால் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். அடைப்பு இரண்டு மூன்று நாளில் உயிரைப் பறித்துவிடும்.