இருபது ஆண்டு கழித்துத் திரும்பிய குதிரைகள்

கல்கத்தா அன்று காது கொடுக்காத ஓர் இசைக் குழு, கலைந்த பிறகுதான் பிரபலமானது

2006இல் வெளிவந்த 'கேங்ஸ்டர்' இந்திப் படத்தின் 'பீகி பீகி' பாடல் நாடெங்கும் ஒலித்தது. இசை ப்ரீதம், பாடியவர் வங்கதேச ராக் பாடகர் ஜேம்ஸ். நனைந்த இரவுகளில் பிரிவை நினைத்து உருகும் பாட்டு. ஆனால் அந்த மெட்டு வங்க மொழியில் பிறந்தபோது அதில் சினிமாவும் இல்லை, காதலும் இல்லை. தொலைக்காட்சிப் பெட்டி உலகத்தைச் சுருக்கி வரவேற்பறைக்குள் அடைத்துவிட்டதையும், மனிதன் தனித்துப்போனதையும் பற்றிய பாட்டு அது.

அந்தமானில் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 28 சதவீதத்தினரின் தாய்மொழி வங்காளம். சுமார் 15 சதவீதத்தினருக்குத் தமிழ். போர்ட் பிளேரை (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஒட்டிய கராச்சர்மா போன்ற ஊர்களில் இரு மொழிக்காரர்களும் அண்டை வீட்டார்கள். அப்படியிருந்தும் பெரும்பாலான தமிழர்களின் காதுக்கு இந்த மெட்டு மும்பையைச் சுற்றித்தான் வந்து சேர்ந்தது. மெட்டு வந்தது, அதைப் போட்டவரின் பெயர் வரவில்லை.

அவர் பெயர் கௌதம் சட்டோபாத்யாய். குழுவின் பெயர் 'மொஹீனேர் கோராகுலி', அதாவது மொஹீனின் குதிரைகள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நக்ஸலைட் இயக்கத் தொடர்புக்காகச் சிறை சென்றவர் கௌதம். வெளியே வந்தபின் சில காலம் மத்தியப் பிரதேசத்தில் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக ஊர் ஊராகச் சுற்றினார். கல்கத்தா திரும்பியதும், 1975இல், தம்பிகளையும் நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு தெற்குக் கல்கத்தாவின் நாக்தலாவிலுள்ள வீட்டில் குழுவைத் தொடங்கினார். மொத்தம் ஏழு பேர். ஏழு பேர் என்பதால் முதலில் வைத்த பெயர் 'சப்தரிஷி'. ஒரு கட்டத்தில் வேடிக்கையாக 'கௌதம் சட்டர்ஜி பி.எஸ்ஸி. குழுவினர்' என்றுகூட வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் ரஞ்சன் கோஷால், ஜீவனானந்த தாஸின் கவிதையில் நிலவொளியில் மேயும் குதிரைகளை எடுத்துக் கொடுத்தார். அது நிலைத்தது.

ரவீந்திர சங்கீதமும் சினிமாப் பாட்டும் கோலோச்சிய நகரத்தில் இவர்கள் கிட்டார், டிரம்ஸ், வயலின், சாக்ஸஃபோன், புல்லாங்குழலோடு மேடையேறினார்கள். பாவுல் பாட்டு, ஜாஸ், மேற்கத்திய ராக் எல்லாம் ஒன்றாகக் கலந்தன. ஒரு பாட்டில் பிக்காஸோ, தாந்தே, பீட்டில்ஸ், டிலன், பீதோவன் என்று பெயர்கள் வரிசையாக வரும். அத்தனை பேரையும் ரசிக்கிற மனிதனுக்கு ஏன் நிம்மதி இல்லை என்பதே பாட்டின் கேள்வி. கேட்டவர்களில் பலருக்கு இது வங்கப் பாட்டாகவே படவில்லை.

1977, 1978, 1979 என ஆண்டுக்கு ஒன்றாக 3 இசைத்தட்டுகள் வந்தன. விற்பனை சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 1980இல் கல்கத்தா சர்வதேச ஜாஸ் விழாவில் வாசித்தார்கள். 1981இல் குழு கலைந்தது. ரஞ்சன் கோஷால் பெங்களூருக்கும் பிஷூ சட்டோபாத்யாய் அமெரிக்காவுக்கும் போனார்கள். கௌதம் படம் எடுக்கப் போனார். அவருடைய 'நாக்மோதி' 1983இல் வந்தது. எண்பதுகள் முழுவதும் மொஹீனின் குதிரைகளுக்கு லாயம் இல்லை.

பாட்டுகள் மட்டும் நிற்கவில்லை. கல்லூரி வளாகங்களில், கிட்டார் வைத்திருந்த மாணவர்களின் வாயில் அவை சுற்றிக்கொண்டிருந்தன. இதை உணர்ந்த கௌதம், பழைய குழுவை அப்படியே கூட்ட முயலவில்லை. இளைஞர்களைச் சேர்த்து, பழைய பாட்டோடு அவர்களுடைய புதிய பாட்டுகளையும் தொகுத்தார். 1995 கல்கத்தா புத்தகக் கண்காட்சியில் 'மீண்டும் இருபது ஆண்டுகளுக்குப் பின்' என்று பொருள்படும் பெயரில் காஸெட் வெளியானது. இந்தத் தலைப்பும் ஜீவனானந்தர் தந்ததே. தொலைக்காட்சி பற்றிய பாட்டு அந்தக் காஸெட்டில்தான் இருந்தது.

இம்முறை கல்கத்தா கேட்டது. அடுத்தடுத்து மேலும் தொகுப்புகள் வந்தன. சந்திரபிந்து, பூமி, ஃபாஸில்ஸ் என்று வங்க 'பேண்டு'கள் பெருகியபோது, அவர்களின் மூதாதையர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

ஆனால் கௌதமுக்குக் கிடைத்தது நான்கே ஆண்டுகள். 1999 ஜூனில் இறந்தார். தன் மெட்டு இந்தித் திரையில் ஒலித்ததை அவர் கேட்கவில்லை. முதல் எழுவரில் ஒருவரான தாபஸ் தாஸுக்குப் புற்றுநோய் வந்தபோது, அந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த இசைக் கலைஞர்கள் மேடையேறிச் சிகிச்சைக்கு நிதி திரட்டினார்கள். 2023 ஜூனில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

பாட்டு பிழைத்துக்கொண்டது. பாடியவரின் மருத்துவச் செலவுக்குத்தான் ரசிகர்கள் கை கொடுக்க வேண்டியிருந்தது.