கொசுறும் கேஷ்பேக்கும்

2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் இடம்பெற்ற செஞ்சிக் கோட்டையின் அடிவாரத்து ஊரில் காய்கறி வாங்குவோர், நிறுத்து முடித்தபின் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கேட்டுப் பெறுவது தமிழகத்தின் எந்தக் கடைத்தெருவிலும் போல இயல்பான காட்சியே. அதற்குக் கொசுறு என்று பெயர். கடைக்காரர் தம் சரக்கிலிருந்து தம் விருப்பத்தோடு தருவது அது. மார்க்கச் சட்ட நூல்களும் இதற்கு இடமளிக்கின்றன. காற்சட்டை ஒன்றை விலைபேசி வாங்கிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், விலையை நிறுப்பவரிடம் தட்டுத் தாழும்படி நிறுக்கப் பணித்ததாக சுவைத் இப்னு கைஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி அபூதாவூத், திர்மிதி ஆகிய தொகுப்புகளில் உள்ளது.

மளிகைக்கும் மின்கட்டணத்திற்கும் எரிவாயு உருளைக்கும் பணம் செலுத்தும்போது கிடைக்கும் கேஷ்பேக்கையும் இத்தகைய கொசுறாகவே நம் இல்லங்களில் பலர் கருதுகின்றனர். அது யாருடைய பையிலிருந்து வருகிறது என்று கேட்டுவிட்டே அக்கருத்தை ஏற்கவோ மறுக்கவோ வேண்டும் என்பது நம் நிலைப்பாடு.

2016இல் யுபிஐ முறை அறிமுகமாயிற்று. அடுத்த ஆண்டு வந்த கூகுளின் தேஸ் செயலி (2018 முதல் கூகுள் பே) சுரண்டல் அட்டைகளை வழங்கியது. வாடிக்கையாளரை ஈர்க்க நிறுவனம் தன் முதலிலிருந்து செய்த செலவு அது, கொசுறுக்கு நெருங்கியது. பரிசின் அளவு முன்கூட்டித் தெரியாததால் சூதாட்டம் என ஐயுறுவோர் உண்டு. பரிசுக்கென நாம் எதையும் பணயம் வைப்பதில்லையாதலால் அவ்வையம் பொருந்துவதாக நமக்குத் தோன்றவில்லை. வாலட்டுகளில் முன்கூட்டிப் பணம் போட்டு வைப்பது வேறு வகை. அப்பணத்தை நாம் நிறுவனத்திற்குக் கொடுத்த கடனாகக் கொள்ளும் அறிஞர்கள், போட்டு வைத்ததற்காகவே நிபந்தனையிட்டுத் தரப்படும் மிகுதியைக் கடனால் விளையும் ஆதாயம் என்று விலக்குகின்றனர்.

சிக்கல் மிகுந்தது கிரெடிட் கார்டே. நாம் கார்டில் நூறு ரூபாய்க்கு வாங்கினால், கடைக்காரர் கைக்கு ஏறத்தாழ 98 ரூபாயே சேரும். கழிக்கப்பட்ட தொகையின் பெரும்பகுதி கார்டு வழங்கிய வங்கிக்குச் செல்கிறது. அதில் ஒரு பங்கே பாயிண்டாக நம்மிடம் திரும்புகிறது. ஆக, வங்கியின் அன்பளிப்பு எனப்படுவது கடைக்காரர் இழந்ததன் துண்டு.

வங்கிக்கு மற்றொரு வருவாய் வட்டி. மாதம் 10,000 ரூபாய் செலவிடும் குடும்பத்திற்கு ஒரு விழுக்காட்டு கேஷ்பேக் 100 ரூபாய். அத்தொகையை ஒரு மாதம் கட்டத் தவறினால், மாதம் 3.5 விழுக்காடு வட்டி விதிக்கும் கார்டில் 350 ரூபாயும், அதன்மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டியாக 63 ரூபாயும் போகும்; தாமதக் கட்டணம் தனி. "நாங்கள் தவணை தவறுவதே இல்லை" என்போருக்கும் ஒரு செய்தி உண்டு. இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் ஃபிக்ஹ் அகாடமி 2000 செப்டம்பரில் ரியாதில் கூடியபோது, வட்டி நிபந்தனை அடங்கிய கிரெடிட் கார்டை, உரிய கெடுவுக்குள் கட்டிவிடும் உறுதியோடு பெறுவதும் ஆகாது என முடிவு செய்தது. வட்டி கொடுப்பதற்கு முன்பே, கொடுக்க உடன்பட்டுக் கையொப்பமிடுவதே அங்கு கேள்விக்குரியது.

கடைக்காரரிடம் வங்கி கட்டணம் பெறுவதை அதே தீர்மானம் அனுமதித்தது; ரொக்கத்திற்கு விற்கும் விலைக்கே கார்டுக்கும் விற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். கட்டணத்தை ஈடுகட்ட வணிகர் எல்லார்க்கும் விலையைச் சிறிது உயர்த்தினால் நிபந்தனையின் சொல் நிறைவேறிவிடும். ஆனால் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையில் ஆட்டை விற்ற ரொக்கத்தோடு செஞ்சிக் கடைகளில் நுழையும் சிற்றூர்வாசி, தாம் பெறாத பாயிண்டுக்கான விலையையும் சேர்த்தே கொடுத்துச் செல்வார்.

சொந்தக் கணக்கிலிருந்து யுபிஐ வழியே செலுத்துவதில் இவ்விடர்கள் இல்லை. 2020 ஜனவரி முதல் அதற்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் வணிகரிடம் கட்டணம் வாங்கப்படுவதில்லை. கேஷ்பேக் அங்கே அருகிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.